தட்டு வேண்டாம் என்றவர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இணையக் குழு ஒன்றுக்கு டிஷர்ட்டோ குவளையோ தட்டோ வடிவமைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது என்ன? நிறமா, எழுத்தா, பட்ஜெட்டா? அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, இத்தனை வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டிவிட்டு இதற்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பதில் இதுதான். இந்தப் பொருளை வேண்டாம் என்பவர் யார் என்று கேளுங்கள். வேண்டும் என்பவர்கள் தாங்களாகவே வந்து, காலர் வேண்டும், பாக்கெட் வேண்டும் என்று உங்கள் உயிரை எடுப்பார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஆட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையும் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், யார் எவர் என்று தேடிப் புறப்படாதீர்கள். முக்கியமாக, இதை எந்தக் குழுவுக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

புதுச்சேரி அரசில் வேலை பார்க்கும் நம் ஊர் ஆட்களுக்கு, ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாம், கேரளப் பக்கம் இருக்கும் மாஹே என்ற பெயர்களைக் கேட்டாலே பயம். மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் குடும்பத்தைக் காரைக்காலில் விட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். நெடுங்காட்டைச் சேர்ந்த ஒரு டீச்சர் அப்படி ஏனாமுக்குப் போனார். ஒற்றை அறையில் ஒரு ஆளுக்குச் சமைத்துத் தட்டில் போட்டவர், கை வைக்க மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறார். நம் பழக்கம் அப்படி. யாராவது ஒருவர் ‘சாப்பிடுங்க’ என்று சொல்ல வேண்டும், ‘நீங்க?’ என்று நாம் ஒரு தடவை கேட்க வேண்டும், அதன் பிறகுதான் சோறு உள்ளே இறங்கும். டீச்சர் தட்டைப் படமெடுத்து, மாஹேயில் இதே கதியில் இருந்த தோழிக்கு அனுப்பினார். ‘சாப்பிடு’ என்று பதில் வந்தது. சாப்பிட்டார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘தனிப்பந்தி’ என்ற போன் குழு. தனியாகச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதில் சேரலாம். சாப்பிடும் முன் தட்டின் படத்தைப் போட வேண்டும், யாராவது ‘சாப்பிடுங்க’ என்று எழுதிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சொந்தப் பெயர் கூடாது, அவரவருக்குப் பிடித்த ஒரு பெயர் போதும். மாற்றலில் போனவர்களுக்காக ஆரம்பித்தது, வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறவர், விடுதியில் தங்கியிருக்கும் நர்ஸ், மனைவியை இழந்தவர் என்று பெருகிவிட்டது.

நானும் அதில் இருந்தேன். மகளின் பிரசவத்துக்கு என்று பெங்களூர் போன என் மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை. அங்கே அவள் தேவைப்பட்டாள், இங்கே எனக்குத் தொழில் இருந்தது, அவ்வளவுதான். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, ‘ஒரு ஆளுக்குத்தானே?’ என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு எடுத்துப் போடுவார். தனிமை என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் அது தனிமைதான்.

குழுவின் ஆண்டு நிறைவுக்கு ஏதாவது பொருள் செய்ய வேண்டும் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். டிஷர்ட் வேண்டாம், பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு வேண்டும் என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. ‘சாப்பிடுங்க’ என்ற சொல்லைத் தட்டின் நடுவில் பெரிதாக வெட்டலாம் என்பது அவர் எண்ணம். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு தட்டில் சோற்றைப் போட்டுப் பார்த்தேன். சொல் சோற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, நான் சாப்பிட்டு முடித்த பிறகு வெளியே வந்து சாப்பிடச் சொன்னது. அதனால் அதைத் தூக்கி, எதிர்ப்பக்க விளிம்பில், சாப்பிடுகிறவர் நிமிர்ந்தால் படிக்கும்படி வைத்தேன். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து சொல்வதுபோல இருந்தது. பொருளை அது பயன்படும் இடத்தில் வைத்து, அதன் முன்னால் நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். கம்ப்யூட்டர் இதையெல்லாம் சொல்லித் தராது.

என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். மாஹேயில் இருந்த ஒருவர், ‘பேர் எதுக்குங்க, என் வீட்ல மாறிப்போறதுக்கு வேற தட்டே இல்லையே’ என்று எழுதினார். குழுவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டிலும் மற்றத் தட்டுகளெல்லாம் பரணில்தான் இருந்தன.

கடைசியில் அவரும் ஒரு பெயர் கொடுத்துவிட்டார். தட்டே வேண்டாம் என்றவர் ஒருவர்தான். குழுவில் அவர் பெயர் ‘குறுவை’. யார் படம் போட்டாலும் முதல் ‘சாப்பிடுங்க’ அவருடையதுதான். அதோடு விடமாட்டார். முருங்கைக்காய் பிஞ்சாக இருக்கிறது, ஆறுவதற்குள் அதை முதலில் சாப்பிடுங்கள் என்பார். அப்பளத்தைச் சோற்றுக்கு மேல் வைத்தால் நமுத்துப்போகும், ஓரமாக வையுங்கள் என்பார். தன் தட்டை மட்டும் அவர் போட்டதே இல்லை. கேமரா சரியில்லை என்று ஒருமுறை சொன்னதோடு சரி, யாரும் பிறகு கேட்கவில்லை. தட்டு பற்றிக் கேட்டபோது, வீட்டில் நிறைய இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று எழுதினார்.

குழுவுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரையும் சாப்பிட வைத்தவருக்குத் தட்டில்லையா என்று கூடிப் பேசி, அவருக்கு மட்டும் பெரிய தட்டாக ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். அவருக்குத் தெரியக் கூடாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் வீடியோவில் ஒன்றாகச் சாப்பிடுவது, அவரை முதல் வாய் எடுத்துவைக்கச் சொல்வது, எல்லோரும் ஒரே குரலில் அவருக்குச் ‘சாப்பிடுங்க’ சொல்வது என்று திட்டம். பெரிய தட்டை நானும் மெனக்கெட்டுத் தேடி வாங்கினேன்.

விடுதி நர்ஸுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல பசியோடு வாருங்கள் என்று குறுவைக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது அந்தப் பெண். மறுநாள் மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே சாப்பிடப் போகும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தைச் சுற்றித் துண்டு. நல்ல உயரம், சட்டை உடம்பில் ஒட்டாமல் தொங்கியது. குரும்பகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். குரல் மிகத் தாழ்வாக வந்தது.

“நாந்தாங்க குறுவை.”

என் கடை எங்கே என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவரை யாரும் வந்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாப்பிட வாருங்கள் என்றேன், வேண்டாம் என்றார். காபி என்றேன், மோர் என்றேன், எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினார். நம் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் தண்ணீர்கூட வேண்டாம் என்றால் மனசில் கோபம் இருக்கிறது என்று அர்த்தம். நான் விடாமல் சொம்பை நீட்டினேன்.

“குடிக்க முடிஞ்சா குடிச்சிட மாட்டனா, சார்” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். உணவுக்குழாயில் கட்டி வந்து, வைத்தியமெல்லாம் பார்த்து, உயிர் தங்கியது. விழுங்குவது மட்டும் திரும்பி வரவில்லை. வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொள்கிறார். அவர் தனியாக இருப்பவரும் அல்ல. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள். எல்லோரும் தங்கமானவர்கள், அதுதான் சிக்கல். அவர் மனசு நோகுமே என்று ஒருவரும் அவர் கண்ணெதிரே சாப்பிடுவதில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறுகிறார்கள். முறுக்கு தின்னும் பேரன் இவர் தலையைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். சாப்பாட்டு நேரம் வந்தால் இவரே எழுந்து வயல் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறார். அங்கே உட்கார்ந்துதான் நம் தட்டுகளைப் பார்க்கிறார்.

“தனியா சாப்புடுறவங்கதான் சேரலாம்னாங்க. நானும் தனியாத்தானே ஊத்திக்கிறேன், பொய் இல்லையே” என்று சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. “மனுசன் சாப்புடுறத இந்தக் குழுவுலதான் சார் பாக்குறேன். இவங்கதான் எனக்கு ஒளிக்கிறதில்ல. தெரிஞ்சிச்சுன்னா இவங்களும் கதவச் சாத்திடுவாங்க.”

அவர் கேட்டது ஒன்றுதான். தட்டு பார்சலில் தொலைந்துவிட்டது என்று நான் சொல்லிவிட வேண்டும். தான் உயிரோடு இருக்கும்வரை காரணம் யாருக்கும் தெரியக் கூடாது. சரி என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

எழுந்து போவார் என்று பார்த்தால், முகத்தை உள்பக்கம் திருப்பி மூச்சை இழுத்தார். என்ன குழம்பு என்று கேட்டார். சங்கரா மீன் என்றேன். மாங்காய் போட்டிருக்கிறதா என்றார். போட்டிருந்தேன். நேரமாகிறது, கொண்டுவந்து சாப்பிடுங்கள் என்றார். எப்படி முடியும் சொல்லுங்கள்? மறுத்தால் நானும் கதவைச் சாத்துகிற ஆளாகிவிடுவேன். குண்டானையும் சட்டியையும் கொண்டுவந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். முதல் வாயைச் சின்னதாக உருட்டி எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்த்து எடுக்கச் சொன்னார். சோறு காய்ந்து போயிருக்கிறது என்று சொல்லி, என்னைக் கேட்காமலே கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றினார், தேடி ஒரு மாங்காய்த் துண்டையும் தள்ளிவிட்டார். என் மனைவி ஊருக்குப் போன பிறகு எனக்கு யாரும் பரிமாறியதில்லை. கண் கலங்கிவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். தட்டு தொலைந்தது என்று சொன்னால் இன்னொரு தட்டு செய்யச் சொல்வார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் உடம்புக்கு என்ன என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள். பொய்யால் ஒரு நாளைத் தள்ளலாம், அவருடைய இடத்தைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பந்தியில் அவர் சாப்பிடாமல் இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படாத ஓர் இடம் வேண்டும். அது என் கண்ணெதிரே சற்றுமுன் நடந்ததுதான். பந்தியில் பரிமாறுகிறவர் உட்காருவதில்லை, அவரை யாரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதும் இல்லை. பெரிய தட்டை ஓரமாக வைத்துவிட்டு, கல்யாணப் பந்தியில் புழங்கும் நீளமான கரண்டி ஒன்றை வாங்கி, அதன் காம்பில் அவர் பெயரை வெட்டினேன்.

டீச்சரிடம் போனில் சொன்னேன். அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“இத்தன நாளா நமக்காக நின்னவரு அண்ணே. ஒரு நாளாவது நம்மளோட உக்காரட்டும்னுதானே தட்டு கேட்டோம்? அன்னிக்கும் நிக்க வைக்கச் சொல்றீங்களா?”

பரிமாறுகிறவருக்குக் கரண்டிதான் மரியாதை, வடிவமைப்பில் என் முடிவை நம்புங்கள் என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே அது திமிராகக் கேட்டது. பெயர் வெட்டும்போது தட்டைக் கெடுத்துவிட்டீர்களா, அதை மறைக்கிறீர்களா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. வேறு தட்டு செய்ய நாள் இல்லாததால்தான் ஒப்புக்கொண்டார். போனை வைக்கும்போது அண்ணே போய், ‘சரிங்க சார்’ என்று ஆகிவிட்டது.

குரும்பகரம் போய் பஸ் நிறுத்தத்தில் அவரிடம் கரண்டியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், காம்பில் இருந்த எழுத்தை விரலால் தடவினார். துண்டில் சுற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கொட்டகையிலிருந்து அவர் வீடியோவில் வந்தார். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டார். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, வளைகுடாக்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு, நர்ஸுக்குத் தயிர் என்று ஊற்றுவதுபோல் கரண்டியைச் சாய்த்தார். போதும் போதும் என்று அவர்களும் கையைக் குறுக்கே நீட்டினார்கள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அந்தக் குழுவில் கேட்டதில்லை. நடுவில் யாரோ, நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

“ஒங்களையெல்லாம் பாத்ததுலயே வயிறு நெறஞ்சிபோச்சுங்க” என்றார். பந்தியில் பரிமாறுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே. ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் குழுவிலிருந்து விலகினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று காலையிலேயே என்னை மட்டும் போனில் கூப்பிட்டிருந்தார். அந்தத் தாழ்ந்த குரலில் அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“கரண்டிய மருமக பாத்துடுச்சு சார். பேரு வெட்டியிருக்கே, யாரு குடுத்தான்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் அழுதுச்சு. அப்பறம் அடுப்படிக் கதவத் தொறந்து வச்சி, நீங்களே ஊத்துங்க மாமான்னு சொல்லிடுச்சு. இப்ப ரெண்டு வேளையும் நாந்தான். பேரன் ரசத்தக் கையில வாங்கிக் குடிக்கிறான்.”

பிறகு கொஞ்சம் தயங்கி, இது தனியாகச் சாப்பிடுகிறவர்களின் குழு, இனிமேல் தான் அதில் இருந்தால் அது பொய்யாகிவிடும் என்றார். என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். மதியம் என் தட்டைப் படமெடுத்துப் போட்டுவிட்டு வெகுநேரம் காத்திருந்தேன். குழுவில் ஒருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. குறுவை ஏன் போனார் என்பதுதான் பேச்சாக இருந்தது.

சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவரை மட்டும் நிற்க வைத்தோம், அந்த அவமானத்தில்தான் போய்விட்டார் என்று குழுவே சொல்கிறதாம். அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் டீச்சருக்கே வெட்கமாக இருக்கிறதாம்.

“அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன். காரணம் இருந்தா இப்பவாவது சொல்லுங்க சார். இல்லன்னா தப்புன்னு ஒத்துக்கங்க.”

காரணம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என் மேல் இருந்த கோபம் போயிருக்கும். கூடவே, அத்தனை நாள் ஒரு வாய்கூட விழுங்க முடியாத ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் எதிரில் சாப்பிட்டோம் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பிறகு அந்தத் தட்டில் யாருக்குச் சோறு இறங்கும்?

“என் தப்புதாங்க டீச்சர்” என்றேன்.

அதன் பிறகு அந்தக் குழுவின் வேலை எதுவும் என்னிடம் வரவில்லை. நான் படம் போட்டால் யாராவது ஒருவர் மரியாதைக்கு ஒரு ‘சாப்பிடுங்க’ எழுதுவார். கொஞ்ச நாளில் நானும் போடுவதை விட்டுவிட்டேன். நம் வேலை பிடித்துப்போனால் கை தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் திட்டுவார்கள். எதற்காகச் செய்தோம் என்பதைச் சொல்லவே முடியாத வேலை ஒன்றும் உங்களுக்கு வரும். அன்றைக்குத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள், என்னால் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

குறுவை இப்போது இல்லை. அவர் கேட்ட வாக்கும் அதோடு முடிந்தது. இனியாவது டீச்சரிடம் சொல்லி உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். போனைக் கையில் எடுத்ததும் உண்டு. ஆனால் அவர்கள் இன்னும் அந்தத் தட்டுகளில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.